திருப்பிப் போட்ட கம்பி



கடந்த ஜூன் மாதத்தில் நானும் என் மனைவியும் டல்லாஸிலிருந்து கொலராடோ ஸ்பிரிங்ஸ் வரை சென்றுவந்ததை உங்களில் பலர் அறிவீர்கள். அங்கே வாழும் சில தமிழ்க் குடும்பங்களோடு ஒரு வாரம் தங்கி வேதபாடம் நடத்துவதற்காக அந்தப் பயணத்தை மேற்கொண்டோம். சபையின் பராமரிப்பில் இருக்கும் பழைய ஆர்.வி.யை, அதாவது வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் அந்தச் சிறு வீட்டை, எங்களோடு கொண்டுபோனோம். அமரில்லோ, டால்ஹார்ட், கிளேட்டன் என்று சமவெளி ஊர்களைக் கடந்து, நியூ மெக்சிகோவும் கொலராடோவும் சந்திக்கும் ரட்டோன் கணவாயில் ஏறினோம். அதன் உச்சி 7,834 அடி. அங்கிருந்து வளைந்து வளைந்து இறங்கி, டிரினிடாட் என்னும் ஊரில் இரவு தங்குவதற்காக வண்டியை நிறுத்தினோம்.

உள்ளே சென்று துணி அலமாரியைத் திறந்தபோது துணிகள் அனைத்தும் தரையில் குவிந்து கிடந்தன. துணி மாட்டும் கம்பியின் ஒரு முனை சுவரிலிருந்து கழன்று தொங்கியது. மறுமுனை பிளாஸ்டிக் கிண்ணத்தில் எப்படியோ ஒட்டிக்கொண்டிருந்தது. கம்பியின் நடுப்பகுதி மடங்கி, முழங்காலைப் போல் முட்டிக்கொண்டு நின்றது. ஆராதனைக்கென்று தேய்த்து எடுத்துவைத்த என் வெள்ளை அங்கி காலணிகளின்மேல் விழுந்திருந்தது.

ஓர் உண்மையை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். அதைக் கண்டு நான் வியப்படையவில்லை. அந்தக் கம்பி மூன்று ஆண்டுகளாகவே தொய்ந்துகொண்டிருந்தது. ஹேங்கர்களெல்லாம் நடுவை நோக்கிச் சரிந்து ஒன்றன்மேல் ஒன்று நெருக்கும்போது, நான் துணிகளை எடுத்துவிட்டுக் கம்பியைத் தலைகீழாகத் திருப்பிப் போடுவேன். தொய்ந்த வயிறு மேல்நோக்கி வரும். மறுபடியும் துணிகளை மாட்டியதும் பாரத்தினால் கம்பி நேராகிவிடும். சில வாரங்களுக்குப் பார்வைக்கு எந்தக் குறையும் இராது. பின்பு மீண்டும் தொய்யும், மீண்டும் திருப்புவேன். இரண்டு நிமிட வேலை. இப்படி எத்தனை முறை செய்தேன் என்று கணக்கில்லை. ஒரு கம்பியை இப்பக்கமும் அப்பக்கமும் வளைத்துக்கொண்டே இருந்தால் அது அந்த இடத்திலேயே ஒடியும் என்பதைச் சிறுபிள்ளைகளும் அறிவார்கள். நான் பழுதுபார்ப்பதாக எண்ணிச் செய்த ஒவ்வொரு செயலும் அதன் நடுவைப் பலவீனப்படுத்தியிருக்கிறது.

அந்த வாரம் முழுவதும் எங்கள் துணிகள் படுக்கையின் ஓரத்தில் கிடந்தன. இரவில் தூக்கம் வராமல் மடங்கிய கம்பியைக் கையிலெடுத்துப் பார்த்தேன். உள்ளே வெறும் குழாய். அப்போதே ஒரு பிரசங்கக் குறிப்பு மனதில் உருவாயிற்று. உள்ளீடற்ற கம்பி பாரத்தைத் தாங்காது. உள்ளீடற்ற விசுவாசியும் சோதனையைத் தாங்கமாட்டான். மூன்று தலைப்புகள், மூன்று வேதபகுதிகள். குறிப்பேட்டில் எழுதியும் வைத்துவிட்டேன். முப்பது ஆண்டுகளாகப் பிரசங்கம் செய்பவனுக்கு எந்தப் பொருளைக் கண்டாலும் மூன்று தலைப்புகள் கிடைத்துவிடுகின்றன. அதில் ஓர் ஆபத்து உண்டு.

ஊர் திரும்பிய பின் வந்த சனிக்கிழமையன்று, நம் சபையின் பொருளாளராகிய மூப்பர் தமது கருவிப் பையோடு என் வீட்டுக்கு வந்தார். அவர் பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் பணிபுரிந்து ஓய்வுபெற்றவர் என்பதும், மகளின் குடும்பத்தோடு வாழ இந்த ஊருக்கு வந்தவர் என்பதும் உங்களுக்குத் தெரியும். இங்கே நான் எழுதுகிறவற்றை அவரிடம் வாசித்துக்காட்டி, அவர் சம்மதித்த பிறகே வெளியிடுகிறேன். அன்று அவருடைய துணைவியாரும் உடன் வந்திருந்தார்கள். என் மனைவி அவர்களைச் சமையலறைக்கு அழைத்துச் சென்று காப்பி கொடுத்தாள்.

நான் மடங்கிய கம்பியை மூப்பரிடம் நீட்டி, "பாருங்க அண்ணாச்சி, உள்ள ஒண்ணுமே இல்ல. அதான் வளைஞ்சிருச்சு" என்றேன்.

அவர் அதை விரலால் தட்டிப் பார்த்துச் சிரித்தார். "மூங்கிலுக்கு உள்ள மட்டும் என்ன இருக்கு ஐயா? அதுல சாரம் கட்டி அஞ்சு மாடி ஏறுறாங்களே!"

என் மூன்று தலைப்புகளும் அந்த ஒரே கேள்வியில் விழுந்தன. பின்னர் தேடிப் படித்தபோது, கலிலியோ 1638-இல் வெளியிட்ட தமது கடைசி நூலிலேயே இதைப் பற்றி எழுதியிருப்பதை அறிந்தேன். ஒரே நீளமும் ஒரே எடையும் உள்ள இரண்டு தண்டுகளில் கெட்டியானதைவிடக் குழாயாக இருப்பதே வலிமை மிக்கது என்று அவர் விளக்குகிறார். நாணல் தண்டுகளும் பறவைகளின் எலும்புகளும் அவ்வாறே அமைந்திருக்கின்றன. உள்ளே வெறுமையாக இருப்பது ஒரு குற்றமே அல்ல. சிருஷ்டிகர் அதைத் தெரிந்தேதான் செய்திருக்கிறார். நான் ஒரு கம்பியின்மேல் பொய்க்குற்றம் சாட்டியிருந்தேன்.

அப்படியானால் குற்றம் எங்கே? மூப்பர் அலமாரிக்குள் தலையை நுழைத்து ஒவ்வொன்றாகக் காட்டினார். கம்பி மெல்லிய அலுமினியம். அலுமினியத்தின் விறைப்பு எஃகின் விறைப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். அதன் நீளம் ஐந்து அடி. இடையில் எந்தத் தாங்கலும் இல்லை. இரு முனைகளையும் பிடித்திருந்த பிளாஸ்டிக் கிண்ணங்கள், ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் கனமே உள்ள ப்ளைவுட் பலகையில் குட்டையான திருகாணிகளால் பொருத்தப்பட்டிருந்தன. அதன் பின்னால் மரச்சட்டம் எதுவும் இல்லை. எடையைக் குறைப்பதற்காக இத்தகைய வண்டிகளின் உட்சுவர்களை இப்படித்தான் மெலிதாக அமைக்கிறார்கள். "நிக்கிற வீட்டுல பாரம் கீழ மட்டும்தான் இழுக்கும் ஐயா. ஓடுற வண்டில எல்லாப் பக்கமும் இழுக்கும்" என்றார் அவர். ஒவ்வொரு குழியிலும் துணிகள் எகிறி விழும். ஒவ்வொரு முறையும் திருகாணியின் துளை சிறிது பெரிதாகும்.

பின்பு அவர், "இதுல என்னவெல்லாம் மாட்டியிருந்தீங்க?" என்று கேட்டார். விழுந்தவற்றையெல்லாம் எடுத்துவந்து குளியலறைத் தராசில் நிறுத்தோம். இரண்டு கோட்டு சூட்டுகள், அங்கி, இரண்டு குளிர்கால மேலாடைகள், பதினொரு சட்டைகள், இவற்றோடு பாட்டுப் புத்தகங்கள் அடங்கிய ஒரு பை. அந்தப் பையைக் கம்பியின் நடுவில் கொக்கியிட்டு மாட்டியவன் நானே. அது மட்டும் 18 பவுண்டு. எல்லாம் சேர்ந்து 52 பவுண்டு. நடுவில் தொங்கும் பாரமே ஒரு கம்பியை மிக அதிகமாக வளைக்கும். எடுக்க வசதியாக இருந்த இடத்தில் நான் மாட்டினேன். அதுவே கம்பிக்குத் தாங்கமுடியாத இடமாக இருந்தது.

அத்தனையையும் தரையில் பரப்பியபின்தான் ஒரு காரியம் என் கண்ணில் பட்டது. அந்தக் குவியலில் என் மனைவியின் துணி ஒன்றுகூட இல்லை. அவளை அழைத்துக் கேட்டேன். "என் சேலையெல்லாம் கட்டிலுக்கு அடியில சூட்கேஸ்ல இருக்குங்க. கம்பி தாங்காதேன்னு நான் மாட்டுறதில்ல" என்று இயல்பாகச் சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். எத்தனை நாளாக என்று கேட்க எனக்கு நா எழவில்லை. கம்பி தொய்யத் தொடங்கி மூன்று ஆண்டுகள். நான் அதைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்த அந்த மூன்று ஆண்டுகளும் அவள் தன் பங்கைச் சத்தமில்லாமல் கழற்றிவிட்டு, மடிப்புக் கலையாத சேலைக்காக ஒவ்வோர் ஊரிலும் இஸ்திரிப்பெட்டியைத் தேடியிருக்கிறாள். கம்பி அத்தனை காலம் நின்றதற்கு நான் காரணம் அல்ல.

வேலையைத் தொடங்கினோம். மேற்கூரையிலிருந்து ஒரு பிடிப்பைத் தொங்கவிடலாம் என்றேன் நான். மூப்பர் மறுத்தார். இந்த வண்டிகளின் கூரையில் தவறான இடத்தில் ஒரு துளை விழுந்தால் மழைநீர் இறங்கும். நீர் இறங்கிய ஆர்.வி. உள்ளுக்குள் உளுத்துப்போகும். பக்கச் சுவரில் நீண்ட திருகாணிகளைச் செலுத்தலாமா? உள்ளே மின்கம்பிகள் ஓடலாம். அதைத் தாண்டினால் வெளித்தகடு. "சுவரை நம்பாதீங்க ஐயா. தரையை நம்புங்க" என்றார்.

அவர் செய்த முறை இதுதான். உங்களில் ஆர்.வி. வைத்திருப்பவர்களுக்கும் பயன்படும் என்பதால் விவரமாக எழுதுகிறேன். முக்கால் அங்குல மின்குழாய் ஒன்றை ஹார்டுவேர் கடையில் வாங்கினோம். சுவர்களில் மின்கம்பி செலுத்துவதற்குப் பயன்படும் எஃகுக் குழாய் அது. பத்து அடி நீளத்தில் விற்கிறார்கள். இரும்பு ரம்பத்தால் அலமாரியின் அகலத்துக்கு வெட்டி, முனைகளை அரத்தால் ராவினோம். அதுவும் உள்ளே வெறுமையான குழாய்தான். அடுத்து, முக்கால் அங்குலக் கனமுள்ள இரண்டு மரப்பலகைகளைத் தரையிலிருந்து கம்பியின் உயரம் வரை அலமாரியின் இரு பக்கங்களிலும் நிறுத்தி, மேல்முனையில் கம்பி உட்காரும்படி அரைவட்டமாகக் குடைந்தோம். பாரம் இனித் திருகாணிகளில் தொங்காது. பலகையின் வழியே தரைக்கு இறங்கும். சில குட்டைத் திருகாணிகள் பலகை சாயாமல் பிடித்துக்கொள்வதற்கு மட்டுமே. பின்பு அதேபோல ஒரு மூன்றாவது தூணைக் கம்பியின் சரிநடுவில் தரையிலிருந்து எழுப்பி, அது ஆடாதபடி பின்சுவரின் மரச்சட்டத்தோடு ஒரு குறுக்குக்கட்டையால் இணைத்தோம். மெல்லிய பலகைக்குப் பின்னால் சட்டம் எங்கே இருக்கிறது என்பதை அவர் ஒரு சிறு காந்தத்தைச் சுவரில் நகர்த்தி, உள்ளிருந்த ஆணிகளைக்கொண்டு கண்டுபிடித்தார். கடைசியாக, குழிகளில் வண்டி எகிறும்போது கம்பி துள்ளி வெளியேறாதபடி மூன்று இடங்களிலும் மேலே ஒரு தோல்வாரை இறுக்கினோம்.

அந்த நடுத்தூணைப் பற்றி மூப்பர் சொன்ன கணக்கு என்னை வியக்கவைத்தது. துணிகள் ஒரே சீராகத் தொங்கும் கம்பியில், தாங்கல் இல்லாத நீளத்தைப் பாதியாக்கினால் தொய்வு பாதியாகக் குறைவதில்லை. பதினாறில் ஒரு பங்காகிவிடுகிறது. இரண்டுமுறை பெருக்கி, மறுபடியும் இரண்டுமுறை பெருக்கும் கணக்கு அது. ஒரே ஒரு தூண், சரியான இடத்தில்.

நடுத்தூணைப் பொருத்திக்கொண்டிருந்தபோது அவர் மூன்றுமுறை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சமையலறையிலிருந்து அவர் துணைவியாரின் குரல் கேட்டது: "நாம எப்பப்பா வீட்டுக்குப் போவோம்?" சில நிமிடங்களில் அதே கேள்வி, அதே குரலில். மறுபடியும் ஒருமுறை. ஒவ்வொரு முறையும் என் மனைவி, "இப்பப் போயிரலாம் அக்கா" என்று முதல்முறை சொல்வதுபோலவே பதில் சொன்னாள். நான் மூப்பரைப் பார்த்தேன். அவர் ரசமட்டத்தின் குமிழியைப் பார்த்தபடியே, "ரெண்டு வருஷமா இப்படித்தான் ஐயா. தனியா விட்டுட்டு வரமுடியறதில்ல" என்றார்.

இரண்டு ஆண்டுகள். அந்த இரண்டு ஆண்டுகளில் அவர் இருமுறை என்னிடம் வந்து, பொருளாளர் பொறுப்பிலிருந்து விடுவிக்கும்படி கேட்டிருந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை. "இன்னும் ஒரு வருஷம் பார்த்துக்கோங்க அண்ணாச்சி, உங்களைப்போல யார் செய்வா?" என்றேன். முதல்முறை அவர் கேட்ட அடுத்த மாதம் சபையின் ஆண்டுவிழாவில் அவரை மேடைக்கு அழைத்து, பொன்னாடை போர்த்தி, அவருடைய ஊழியத்தைப் புகழ்ந்து பேசினேன். நீங்கள் எல்லாரும் கைதட்டினீர்கள். அவர் நிமிர்ந்து நின்று புன்னகைத்தார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அலமாரிக்கு முன்னால் முழங்காலிட்டிருந்த அந்த நேரத்தில், நான் என்ன செய்தேன் என்பது எனக்கு விளங்கிற்று. தொய்ந்துகொண்டிருந்த ஒரு மனிதரை நான் திருப்பிப் போட்டிருந்தேன். பாரத்தில் ஓர் அவுன்ஸைக்கூட எடுக்கவில்லை; ஒரு தாங்கலையும் கொடுக்கவில்லை. வளைந்த பக்கம் மேலே வரும்படி செய்துவிட்டு, நேராக இருக்கிறது என்று திருப்தியடைந்தேன். இருமுறை அப்படிச் செய்தேன்.

யாத்திராகமம் 17-ஆம் அதிகாரத்தை நாம் பலமுறை தியானித்திருக்கிறோம். ரெவிதீமில் யுத்தம் நடக்கும்போது மோசேயின் கைகள் தளர்ந்துபோகின்றன. ஆரோனும் ஊர் என்பவரும் அவரைச் சோர்ந்துபோகாதிரும் என்று தேற்றியதாகவோ, அவருடைய முந்திய அற்புதங்களைப் பாராட்டியதாகவோ அங்கே ஒரு வார்த்தையும் இல்லை. முதலில் ஒரு கல்லைக் கொண்டுவந்து அவர் கீழே வைத்து உட்காரவைக்கிறார்கள். அதன்பின் ஆளுக்கு ஒரு பக்கமாக நின்று கைகளைத் தாங்குகிறார்கள். அந்தக் கல்லை நான் இத்தனை காலம் கவனித்ததில்லை. பாரம் தரைக்கு இறங்க ஒரு வழி வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருக்கிறார்கள். அடுத்த அதிகாரத்திலேயே எத்திரோ வந்து, மோசே தனியாகச் செய்யும் வேலை அவரையும் ஜனங்களையும் தொய்ந்துபோகச் செய்யும் என்று எச்சரித்து, பொறுப்பைப் பலருக்குப் பகிர்ந்துகொடுக்கும்படி ஆலோசனை சொல்கிறார். மோசே அந்த ஆலோசனையைக் கேட்டார். மோசேக்குப் பொன்னாடை போர்த்தியவர்கள் யாரும் அந்தப் பகுதியில் இல்லை.

நடுத்தூணாக நிற்பவர் பலசாலியாக இருக்கவேண்டும் என்பதில்லை. அலமாரியில் நாங்கள் நிறுத்தியது சாதாரண மரக்கட்டைதான். அது தன் பலத்தினால் எதையும் சுமக்கவில்லை. தரையில் ஊன்றி நிற்கிறது, அவ்வளவே. நாம் எதன்மேல் ஊன்றி நிற்கிறோம் என்பதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

அன்று மாலை மூப்பர் புறப்படும்போது அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர், "கம்பியத்தானே ஐயா சரிபண்ண வந்தேன்" என்று சொல்லிவிட்டுத் துணைவியாரின் கையைப் பிடித்து வண்டியில் ஏற்றினார். ஜூலை மாத சபைக்கூட்டத்தில் கணக்குப் பொறுப்பை இரண்டு இளையவர்கள் பகிர்ந்துகொண்டதை நீங்கள் அறிவீர்கள். அது ஏன் நடந்தது என்று சிலர் என்னிடம் கேட்டீர்கள். காரணம் இதுதான். காணிக்கையை எண்ணும் அறையில் இருந்தவர் இப்பொழுது ஆராதனை முடியும்வரை மூன்றாம் வரிசையில் தம் துணைவியாரின் அருகில் உட்கார்ந்திருக்கிறார்.

சென்ற மாதம் ஆர்.வி.யை ஆஸ்டின் வரை கொண்டுபோய்த் திரும்பினோம். வந்ததும் கம்பியின்மேல் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தேன். குமிழி நடுவிலேயே நின்றது. பாட்டுப் புத்தகப் பையை இப்பொழுது தரையில் வைக்கிறேன். மேலாடை ஒன்றை வீட்டிலேயே விட்டுவிட்டேன். நடுத்தூண் இருப்பதால் ஹேங்கர்கள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நகரமுடியாது. இடப்பக்கம் என்னுடையது. வலப்பக்கத்து இரண்டரை அடியில் நான்கு சேலைகள் தொங்குகின்றன.

பிரியமானவர்களே, இந்த வாரம் உங்கள் வீட்டிலோ, வேலையிடத்திலோ, நம் சபையிலோ ஒருவர் களைப்பாயிருக்கிறது என்று உங்களிடம் சொல்லக்கூடும். அவரைப் புகழாதிருங்கள். அவரால் முடியும் என்று உற்சாகப்படுத்தவும் அவசரப்படாதிருங்கள். என்ன பாரம் என்று கேளுங்கள். அதில் நீங்கள் மாட்டியது எவ்வளவு என்று நிறுத்துப் பாருங்கள். எந்த நாளில், எத்தனை மணிக்கு நான் வரட்டும் என்று கேளுங்கள். எதுவும் சொல்லாமல் தங்கள் பங்கைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தவர்களும் இருக்கக்கூடும். அவர்களிடம் நாம்தான் முதலில் பேசவேண்டும்.

சோர்ந்தவர்களை இளைப்பாறப்பண்ணுகிற கர்த்தர் உங்களோடிருப்பாராக. ஆமென்.